மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் ஊர்ப் பொது நிலையம்: நிதி திரட்டும் முறை

நம் பகுதியில் நெசவாளர் சங்கங்களிலும் வேளாண்மைக் கடன் சங்கங்களிலும் ஆண்டுப் பேரவை கூடும்பொழுது, அண்மைக் காலமாக ஒரு வேண்டுகோள் மீண்டும் மீண்டும் எழுகின்றது. நடை வராத குழந்தைக்கும், பேச்சு வராத குழந்தைக்கும், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த உழவருக்கும் ஊரருகே ஒரு சேவை நிலையம் வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். பேரவை அதனை ஒருமனதாக ஏற்கின்றது. குழு ஒன்றும் அமைகின்றது. அக்குழுவினர் மறுவாரமே பொறியாளர் ஒருவரை அழைத்துக் கட்டடத்திற்கு எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு கேட்கின்றனர். 40 இலட்சம், 50 இலட்சம் என்று விடை வருகின்றது. தொகையைக் கேட்டு மலைத்து ஒரு சாரார் ஒதுங்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார் எப்படியேனும் கட்டடத்தை எழுப்பிவிட வேண்டும் என்று முனைகின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. திறப்பு விழா முடிந்த மறுநாள் முதல், மாதந்தோறும் அந்நிலையத்தை நடத்தும் பணம் எங்கிருந்து வரும்? இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுவது அதனையே.

தேவை எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். சென்னிமலையில் போர்வை நெய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் தறியில் அமர்கின்றார். மனைவி தார் சுற்றுகின்றார். மூளை முடக்குவாதம் கொண்ட அவர்கள் குழந்தைக்கு வாரம் இருமுறை இயன்முறைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொல்கின்றார். சிகிச்சை ஈரோட்டில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் பஸ் ஏறிச் சென்று திரும்ப ஒரு பகல் கழிந்துவிடும். அன்று தார் சுற்ற ஆளில்லை. பாதி நாள் தறி நிற்கும். குழந்தை வளர வளரத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும். அப்பொழுது தறி முழுநாளும் நிற்கும். இவ்வாறு வாரம் இருமுறை என்பது ஒருமுறையாகி, பின் மாதம் ஒருமுறையாகி, முடிவில் நின்றே போகின்றது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் அங்குப் போய்ச் சேருவதற்குத்தான் இக்குடும்பம் தன் கூலியை இழக்க வேண்டியிருக்கின்றது. குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளில் கொடுக்கும் பயிற்சியின் பயன் பின்னாளில் கொடுப்பதற்கு இராது என்று மருத்துவர்கள் வற்புறுத்திச் சொல்வர். அந்த ஆண்டுகள் கைநழுவிய பிறகு வரும் நன்கொடை எவ்வளவு பெரிதாயினும், அவற்றைத் திருப்பித் தாராது. மஞ்சள் காட்டில் நாட்கூலிக்குச் செல்லும் குடும்பத்தின் நிலையும் இதுவே.

இத்தகையோர் எத்தனை பேர் இருப்பர் என்று கேட்கலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2 கோடியே 68 இலட்சம் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேரும் உடற்குறையோ மனக்குறையோ உடையவராகப் பதிவாயினர். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்குச் சற்று மேல். பத்தாயிரம் மக்கள் வாழும் ஒரு சிற்றூர்த் தொகுதியில் இவ்விகிதப்படி 160 பேர் இருத்தல் வேண்டும். அந்தக் கணக்கெடுப்புக்குப் பின் வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழே. ஆதலின் 160 என்பதைக் குறைந்த கணக்காகவே கொள்ளுதல் தகும். (தமிழக அரசு ஊனமுற்றோர் என்னும் பழைய சொல்லை விட்டு மாற்றுத்திறனாளிகள் என்று வழங்கத் தொடங்கியது 2010-இல். பெயர் மாறியது நன்றே. நம் ஊர்களுக்கு வரும் பஸ்ஸின் படி மட்டும் முன்னிருந்த உயரத்திலேயே இருக்கின்றது.)

இன்னொரு மாறுதலையும் இங்கே கருத வேண்டும். முன்னாளில் ஊர்தோறும் காணப்பட்டது இளம்பிள்ளை வாதம். நாட்டில் கடைசியாக அந்நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பெற்றது. அந்நோயால் கால் சூம்பியவர்கள் பெரும்பாலும் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு ஊன்றுகோல், காலிபர், மூன்று சக்கர வண்டி ஆகியன பெரிதும் பயன்பட்டன. அவற்றை ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் சில ஆண்டுகளுக்குப் போதும். இன்று நம் ஊர்களில் பிறக்கும் குழந்தைகளிடம் காண்பவையோ மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், செவித்திறன் குறைவு முதலியவை. இவற்றுக்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஒருவரின் கையும் பொறுமையும். அதுவும் வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில். நிதி திரட்டுவோர் பலர் இன்றும் பழைய தேவையை மனத்தில் வைத்தே புறப்படுகின்றனர். பொருளாகக் கொடுக்கப் பலர் முன்வருவதும், சம்பளத்திற்குக் கேட்டால் தயங்குவதும் இதனால்தான்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஊர்களுள் ஒன்றில் இத்தகைய கட்டடம் ஒன்றைக் கண்டோம். ஊரும் ஒத்துழைத்தது, பணமும் வந்தது, கட்டடமும் நன்றாகவே எழும்பியது. திறந்து எட்டு மாதம் வரை இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். பின் அவருக்குச் சம்பளம் தர வழியில்லை. இப்பொழுது கட்டடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றனர். சுவரோரம் நான்கு சக்கர நாற்காலிகள் உறை பிரிக்கப்படாமல் நிற்கின்றன. ஊரார் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த பணம் தவறான வரிசையில் செலவாயிற்று. முதலில் நடப்புச் செலவுக்கு வழி, பிறகு கட்டடம் என்னும் வரிசையையே நாம் பரிந்துரைக்கின்றோம்.

நடப்புச் செலவு எவ்வளவு? ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதனால், வழிகாட்டியாக மட்டும் ஒரு மாதக் கணக்கை இங்கே அமைத்துக் காட்டுகின்றோம். மூன்று அறை கொண்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, நாளொன்றுக்கு 25 பேர் வந்து போகும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். இயன்முறை மருத்துவருக்கு 25,000 ரூபாய், சிறப்பாசிரியருக்கு 18,000, உள்ளூரிலேயே பயிற்சி கொடுத்து அமர்த்தும் பெண் பணியாளர் இருவருக்கு 20,000, குழந்தைகளை அழைத்து வர வாடகை வேனும் ஓட்டுநரும் 22,000, வீட்டு வாடகை, மின்சாரம், தொலைபேசி 8,000, பயிற்சிப் பொருள்கள், பழுது பார்த்தல் 7,000. கூட்டினால் ஓர் இலட்சம். ஆண்டுக்கு 12 இலட்சம். வேன் செலவைக் கண்டு சிலர் புருவம் உயர்த்துவர். அதை நீக்கிவிட்டால் நிலையம் ஊரிலிருந்தும் பயனில்லை. முன்னே சொன்ன தாய் இழப்பது வழியில்தான். வேன் வந்து குழந்தையை அழைத்துச் சென்றால், அந்த நான்கு மணி நேரமும் தார் சுற்றலாம், களை எடுக்கலாம், சற்றே உறங்கவும் செய்யலாம்.

இந்த ஓர் இலட்சத்தை மாதந்தோறும் ஈட்டுவது எவ்வாறு? ஒரு நெசவாளர் சங்கம், ஒரு வேளாண்மைக் கடன் சங்கம், ஒரு பால் உற்பத்தியாளர் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அங்கத்தினர் 2,000 பேர் இருப்பர் என்று கொள்வோம். எல்லோரும் இசைவர் என்று எதிர்பார்த்தல் கூடாது. நான்கில் மூன்று பங்கினர் இசைந்தால் 1,500 பேர். தலைக்கு மாதம் 20 ரூபாய் என்றால் 30,000 ரூபாய் சேரும். நூல் வியாபாரி, அரிசி ஆலைக்காரர், மளிகைக் கடைக்காரர், ஆசிரியர் என ஊரில் மாதம் 200 ரூபாய் கொடுக்க இயன்றவர் நூறு பேர் இருந்தால் அது 20,000. ஆகப் பாதித் தொகை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நம் ஊர்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் ஒரு முறையையே கைக்கொள்ளலாம். கோயிலில் ஒரு நாள் கட்டளை, திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி என்று குடும்பங்கள் ஏற்பதில்லையா? அதுபோல நிலையத்தின் ஒரு நாள் செலவை ஒரு குடும்பம் ஏற்கட்டும். ஆண்டில் 300 வேலை நாள் என்று கொண்டால் ஒரு நாள் செலவு 4,000 ரூபாய். பிறந்த நாள், திருமண நாள், பெற்றோரின் திதி ஆகியவற்றை முன்னிட்டு 150 குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு நாளை ஏற்றால் 6 இலட்சம், அதாவது மாதம் 50,000. திருமணச் சாப்பாட்டில் பத்துப் பேர் இலையைக் குறைத்தாலே இத்தொகையில் பெரும்பகுதி மிஞ்சும் என்று சொல்லத் தோன்றுகின்றது; ஆயினும் பிறர் வீட்டு விருந்தில் தலையிடுவது ஆய்வாளரின் வேலையாகாது.

சிறு தொகையைப் பலரிடம் தவறாமல் பெறுவதற்குச் சங்கங்களிடம் உள்ள வசதி வேறு எந்த நிறுவனத்திடமும் இல்லை. நெசவாளர்க்குக் கூலிப் பட்டியல் இருக்கின்றது. சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்திற்காகக் கூலியிலிருந்து சிறுதொகை பிடிப்பது அவர்களுக்குப் பழகிய வழக்கமே. பால் சங்கத்தில் பால் பணப் பட்டுவாடா இருக்கின்றது. உழவர்க்கு மாதவரும்படி கிடையாது. ஆகவே அவர்களிடம் மஞ்சளோ நெல்லோ விற்ற பின்பு ஆண்டுத் தொகையாக 240 ரூபாயை ஒரே தடவையில் பெறுவது பொருந்தும். பயிர்க் கடன் பட்டுவாடாவின்போது பிடித்தம் செய்வதை மட்டும் நாம் வன்மையாக மறுக்கின்றோம். கடன் வாங்க வந்து நிற்பவரிடம் கேட்கும் நன்கொடைக்கு நன்கொடை என்னும் பெயர் பொருந்தாது. பிடித்தம் எதுவாயினும் அங்கத்தினர் தம் கையெழுத்திட்ட இசைவுக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் பாவு நனைந்து வேலை குறைந்தால், பாவே கிடைக்காமல் தறி ஓய்ந்தால், மகள் திருமணம் வந்தால், காரணம் கேட்காமல் நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை வேண்டும். நிறுத்தியவர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் ஒரு மாதம் வசூல் கூடும். மறு ஆண்டு சங்கத்தின் மீதே வெறுப்பு வளரும்.

சங்கத்தின் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் ராச்டேல் முன்னோடிகள் 1844-இல் தொடங்கிய சங்கம், பின்னாளில் தன் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. ஆதாயத்தின் ஒரு பகுதி பொதுநன்மைக்கு என்பது கூட்டுறவில் அன்று தொட்டே உள்ள கொள்கை. நம் மாநிலத்தில் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும், அதன் விதிகளும், அந்தந்தச் சங்கத்தின் துணைவிதிகளும் நிகர இலாபத்தை எவ்வாறு பங்கிடுவது என்று வரையறுக்கின்றன. காப்பு நிதி முதலியவற்றுக்கு ஒதுக்கிய பின்னரே பொது நல நிதிக்கு இடம் உண்டு. அந்த நிதியிலிருந்து, துணைவிதி இடங்கொடுக்கும் அளவிற்கு, பேரவைத் தீர்மானத்தின் மீதும் உரிய அனுமதியின் மீதும் கொடுக்கலாம். நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளரின் அதிகாரங்களைச் செலுத்துபவர் கைத்தறித் துறை இயக்குநர் என்பதையும், கடன் சங்கங்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் என்பதையும் நினைவிற் கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். நட்டத்தில் இருக்கும் சங்கம் கொடுக்க ஒன்றுமில்லை, கொடுக்கவும் கூடாது. அங்கத்தினரின் வைப்புத் தொகையிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுத்தல் ஆகாது. நோக்கம் நல்லதாயிற்றே என்று வாதிடுவோர்க்கு நாம் சொல்லக்கூடியது, அப்பணம் மற்றொருவருடையது என்பதே.

ஆதலின் நிலையத்தை எந்த ஒரு சங்கத்தின் கிளையாகவும் வைக்காமல், தனிப் பதிவு பெற்ற நிறுவனமாக அமைப்பதே முறை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம், அறக்கட்டளையாகவும் அமைக்கலாம். அதன் பின் 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் என்னும் பதிவுச் சான்றிதழ் பெறுதல் கட்டாயம். அச்சான்றிதழ் இன்றி இத்தகைய நிலையத்தை நடத்த இயலாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை முதலிலேயே கண்டு பேசிவிட்டால், பின்னால் வரும் தாமதங்களிற் பாதி குறையும். நிருவாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் பெற்றோரும் பாதிக்குக் குறையாமல் இருத்தல் நலம். வேன் எந்தத் தெருவரை வரும், எந்த நேரத்தில் தறி வேலை இருக்கும், எந்தக் கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலிக்கு இடம் விடாது என்பவை மற்றையோருக்கு எளிதில் தோன்றா.

வெளியார் நன்கொடை பற்றிச் சில விதிகளை அறிந்து வைத்தல் வேண்டும். வருமான வரித் துறையில் நிறுவனம் உரிய பதிவு பெற்றிருந்தால், நன்கொடையாளர் தம் வரியில் கழிவு பெறலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அக்கழிவு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்துகொண்ட தனிநபருக்கும் இல்லை. தம் கணக்காளர் மூலம் இதை அறிந்த வியாபாரி கேட்டால், அறியாமல் விழிக்கும் நிலை வரக்கூடாது. அருகில் பெரிய நூற்பாலையோ சர்க்கரை ஆலையோ இருந்தால் அவர்களை அணுகலாம்: 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, ஓராண்டில் 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ உடைய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடக் கடமைப்பட்டது, தன் சுற்றுப்புறத்திற்கு முதலிடம் தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. பெறும் நிறுவனம் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் அதற்கெனப் பதிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் குறித்து மிகுந்த எச்சரிக்கை தேவை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்யும் நம் ஊர் இளைஞர் இந்தியக் குடியுரிமை உடையவராயின், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் தொகை அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறாமல் அவரிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்கலாகாது.

எதற்கு நிதி திரட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி ஆகியவை மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தின்கீழ், வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. இத்திட்டம் 1981 முதல் உள்ளது. கான்பூரில் 1972-இல் அமைந்த அரசு நிறுவனமான அலிம்கோ அவற்றைச் செய்து தருகின்றது. மாநில அரசும் வழங்குகின்றது. உரியவரை அடையாள அட்டையோடு முகாமிற்கு அழைத்துச் சென்றால் போதும். நிலையத்தின் பணியாளர் ஒருவர் அதைச் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். படுக்கையை விட்டு எழ இயலாதோர்க்கு அதனைப் பெற்றுத் தருவதும் நிலையத்தின் வேலையே. ஆக, அரசிடம் பெறக்கூடியதை அரசிடம் பெற்று, ஊர்ப்பணத்தைச் சம்பளத்திற்கும் வேனுக்கும் காத்து வைக்க வேண்டும். மத்திய அரசின் மறுவாழ்வு மானியங்களும் உள்ளன என்றாலும், அவை இயங்கிக் காட்டிய நிறுவனங்களுக்கே உரியவை. மானியம் வரும் என்று சம்பளத் தேதியை நம்பிக் குறிப்பது விவேகமன்று.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் அவர் தம் சொந்த ஊரில் அச்சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். சில குழந்தைகளோடு சிறிய அளவில் தொடங்கியது இன்று பள்ளி, சிகிச்சைப் பிரிவு, தொழிற்பயிற்சி எனப் பரந்திருக்கின்றது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவரோடு அச்சங்கத்தை நடத்தி வரும் எஸ். சங்கரராமன் பட்டயக் கணக்காளர்; தசைச் சிதைவு நோயால் தாமும் சக்கர நாற்காலியில் இயங்குபவர். கணக்குத் தெரிந்த ஒருவர் பொறுப்பில் இருப்பதைப் பெரும்பேறாகவே நாம் கருதுகின்றோம். ஆய்க்குடியிலிருந்து நம் குழுக்கள் மேற்கொள்ளத்தக்கது இன்னொன்றும் உண்டு. அவர்கள் குழந்தைகள் வரட்டும் என்று காத்திராமல், கிராமங்களிலேயே பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பிச் சிறு குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிகின்றனர். மேலே கணக்கில் நாம் இரு உள்ளூர்ப் பெண் பணியாளரைச் சேர்த்ததற்குக் காரணம் இதுவே. மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். உள்ளூர்ப் பெண் இங்கேயே இருப்பார்.

நிலையத்தைத் திறப்பதற்கு முன் ஆறு மாதச் செலவாகிய 6 இலட்சத்தைச் சேர்த்து வைப்பில் இடுதல் வேண்டும். வங்கியில் ஒரு கணக்குதாரரின் வைப்புக்கு 2020 முதல் 5 இலட்சம் வரை காப்பீடு உண்டு. ஆகவே இரு வங்கிகளில் பிரித்து வைக்கலாம். இவ்வாறு இரண்டு ஆண்டு வாடகை வீட்டில் தடையின்றி நடந்த பிறகு கட்டடத்தை நினைக்கலாம். நமக்கு நாமே திட்டம் 2021-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தபொழுது, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்தினால் எஞ்சியதை அரசு தரும் வகையில் அமைந்திருந்தது. நடப்பு விதிகளை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிக. அவ்வழியில் 45 இலட்சக் கட்டடத்திற்கு ஊர் தர வேண்டியது 15 இலட்சம். அவ்வாறு எழுவது பொதுச் சொத்து என்பதால், அதில் நிலையம் நடத்தும் உரிமையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வரைபடம் போடும்பொழுது சாய்தளத்தைக் கவனிக்க: ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி உயரத் தளத்திற்குச் சாய்தளம் 18 அடி. படிக்குப் பக்கத்தில் ஆறடிச் சரிவைக் கட்டிவிட்டு மேஸ்திரி சாய்தளம் என்று காட்டினால் அதில் நாற்காலி ஏறாது, ஏற்றினால் கவிழும். வாயில் அகலம் 900 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும்.

கணக்கு விஷயத்தில் நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கின்றது. வசூல் ரசீதுகள் எண்ணிட்டு, அடிக்கட்டையோடு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எத்தனை புத்தகம் யாரிடம் உள்ளது என்னும் பதிவேடு வேண்டும். கைப்பேசி வழியே பணம் பெறும் கட்டக் குறி நிறுவனத்தின் கணக்குக்கே உரியதாக இருக்க வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்குக்கு, ஒரு நாளைக்கென்றாலும், இருத்தல் கூடாது. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் இயக்க வேண்டும். அன்றைய ரொக்கம் மறுநாள் வங்கியில் சேர வேண்டும். மாத வரவு செலவை ஒரே தாளில் எழுதி மூன்று சங்க அலுவலகங்களின் பலகையிலும் ஒட்ட வேண்டும்: எத்தனை பேர் வந்தனர், வேன் எத்தனை நாள் ஓடியது, சம்பளம் கொடுத்தாயிற்றா என்பனவும் அதில் இடம்பெறட்டும். இருபது ரூபாய் கொடுத்தவர் அதைப் படிப்பார். படித்தபின் கேள்வி கேட்பார். கேட்கட்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நன்கொடை வசூலுக்காக அவர்களைக் கையில் உண்டியலோடு நிறுத்துவதும், மேடையில் தூக்கி வைத்துப் படம் பிடிப்பதும், அறிக்கையில் பெயரோடு படம் போடுவதும் வேண்டாம். நூல் வாங்கக் கடன் கேட்டு வரும் நெசவாளரின் படத்தை நாம் பலகையில் ஒட்டுவதில்லை. அதே மரியாதை இவர்களுக்கும் உரியது.

இதனை வரும் பேரவையில் எடுத்துக்கொள்ள எண்ணும் சங்கங்கள், துணைவிதி குறிப்பிடும் நாட்களுக்கு முன்பே பொருள் நிரலில் சேர்த்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கின்றது. அங்கத்தினர் வீடுகளில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், என்ன வயது, என்ன உதவி தேவை, இப்பொழுது எங்குச் செல்கின்றனர், எதனால் நிறுத்தினர் என்று தெருவாரியாகக் கேட்டெழுத வேண்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. இரண்டு பணியாளர் மாலை வேளைகளில் நடந்தால் மூன்று வாரத்தில் முடியும். அப்பட்டியலைப் பெயர் நீக்கி, எண்ணாக மட்டும் பேரவையின்முன் வைத்து, மாதச் செலவுக் கணக்கை அதனோடு இணைத்து, இசைவுக் கடிதப் படிவங்களையும் அன்றே வாயிலில் வைத்துவிடலாம். கட்டட வரைபடத்தைக் கொண்டு வர வேண்டியதில்லை.